ரெண்டரைக் கட்டையும் என்.ஜி.டி.யும்

மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்க வருகிறவனுக்கு அந்தக் காலத்தில் முதலில் தெரிந்திருக்க வேண்டியது கட்டைக் கணக்கு. ஆர்மோனியத்தில் விரல் வைத்து அழுத்துகிற மரத்துண்டுதான் கட்டை. சி என்றால் ஒரு கட்டை. அதை ஒட்டிய கறுப்பு ஒன்றரை. டி இரண்டு, அடுத்த கறுப்பு ரெண்டரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே அரை கிடையாது. இப்படியே போய் பி என்கிற ஏழாம் கட்டையோடு முடியும். மேடையில் பாடகர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு பின்பக்கம் திரும்பி, "அண்ணே, ரெண்டரை" என்பார். கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பொத்தானை மூன்று தட்டு தட்டுவார். நான் கம்பிகளைக் கவ்விப் பிடிக்கிற கேப்போவை மூன்றாவது ஃப்ரெட்டில் மாட்டி, சி கார்டு பிடிக்கிற மாதிரி கையை வைப்பேன். தபேலாக்காரர் சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றிக்கொண்டிருப்பார். கூட்டத்துக்கு எதுவும் தெரியாது. ஒரே ஒரு சொல்லில் ஏழெட்டுப் பேரின் கை இடம் மாறிவிடும்.

1980-களின் கடைசியில் திருச்சிப் பக்கம் நான் வாசித்த குழுக்களில் இப்படிப்பட்ட சொற்கள்தான் புழக்கத்தில் இருந்தன. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருகிற வாத்திய இசை 'ஃபர்ஸ்ட் பி.ஜி.எம்.'. இரண்டு சரணங்களுக்கு நடுவில் வருவது 'செகண்ட் பி.ஜி.எம்.'. அதற்குள் கிட்டாருக்கு என்று ஒதுங்கி வருகிற சின்னச் சொற்றொடர் 'பிட்டு'. "செகண்ட் பி.ஜி.எம்.ல ஃப்ளூட் முடிச்சதும் உன் பிட்டு, விட்றாதே" என்று சொல்லிவிட்டால் நோட்டுப் புத்தகமே தேவையில்லை. புதிதாக வந்த ஒருவனைப் பற்றி மூத்தவர்கள் பேசினால், "கை சுத்தமா இருக்கு" என்பார்கள். கம்பி இழுபடாமல், பக்கத்துக் கம்பி முனகாமல், ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுகிறது என்று அர்த்தம். அதைவிடப் பெரிய பாராட்டு எதையும் நான் அங்கே கேட்டதில்லை. 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வெளிவந்ததிலிருந்து, 'இளைய நிலா' பாட்டின் கிட்டார் தொடக்கத்தைக் கை சுத்தமாக வாசிக்கத் தெரியாதவனைக் கிட்டார்காரன் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எங்கள் குழுவின் மூத்த கிட்டார்காரரை நாங்கள் 'லீட் அண்ணன்' என்றே கூப்பிடுவோம். அவரிடம் இருந்தது கல்கத்தாவில் செய்த ஒரு சாதாரண கிட்டார். கம்பி ஃப்ரெட்டிலிருந்து மிக உயரத்தில் நிற்கும். மேல் ஃப்ரெட்டுகளில் அழுத்தினால் விரல் நுனி வெட்டுப்படும். அது என்ன மாடல், எந்த வருஷத்தது, என்ன மரம் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்பதற்கான சொல்லும் எங்களிடம் இல்லை. டேப் ரிக்கார்டரில் பாட்டைப் போட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி போட்டு அவர் 'பிட்டு எடுப்பார்'. டேப் தேய்ந்து சுருதி அரைக்கால் இறங்கிவிட்டால், கிட்டாரையும் அந்த அளவு இறக்கிக்கொண்டு எடுப்பார். பிறகு எனக்குக் காட்டித் தருவார். எழுதித் தந்ததே இல்லை.

எழுத்து என்று ஒன்றை எனக்குக் காட்டியவர் வேறொருவர். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்த ஆசிரியர் அவர். கம்பியை மீட்டும் வலது கை விரல்களுக்கு அவர் நான்கு எழுத்து வைத்திருந்தார்: பி, ஐ, எம், ஏ. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல். ஸ்பானிய மொழியில் அந்த விரல்களின் பெயர்களான புல்கார், இந்திசே, மேதியோ, அனுலார் என்பவற்றின் முதல் எழுத்துகள். ஸ்பெயின் எங்கே இருக்கிறது என்றே சரியாகத் தெரியாத வயதில் 'பி-ஐ-எம்-ஏ-எம்-ஐ' என்று முணுமுணுத்துக்கொண்டே பேருந்தில் முழங்கால் மேல் விரலாட்டிப் பழகினேன். அந்த எழுத்துகள் விரலுக்குள் இறங்கிவிட்டால் பிறகு எழுத்து தேவைப்படாது.

யோசித்துப் பார்த்தால் இசைக்காரர்கள் எப்போதுமே சுருக்கெழுத்துக்காரர்கள்தான். ச ரி க ம ப த நி என்பதே சுருக்கம்: ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். ஐரோப்பாவில் 11-ஆம் நூற்றாண்டில் குயிதோ என்கிற துறவி, ஒரு துதிப்பாடலின் அடிகளின் முதல் அசைகளைக் கிள்ளியெடுத்துச் சுரங்களுக்குப் பெயராக்கினார். நம் மிருதங்கக்காரர்கள் 'தா, தீ, தொம், நம்' என்று வாயால் சொல்வதும் இதே வேலைதான். கை தோலில் படுகிற இடத்துக்கும் விதத்துக்கும் ஒவ்வொரு அசை. 1536-ல் ஸ்பெயினில் லூயிஸ் மிலான் வெளியிட்ட, விவேலா என்கிற கம்பிக் கருவிக்கான நூலில், கம்பிகளைக் குறிக்க ஆறு கோடு. எந்த ஃப்ரெட்டில் அழுத்த வேண்டும் என்று காட்ட எண். டாப்லேச்சர் என்று அதற்குப் பெயர். இவை எல்லாவற்றுக்கும் ஒரே நோக்கம்: கை எங்கே போக வேண்டும், குரல் எங்கே நிற்க வேண்டும் என்பதை இன்னொருவருக்கு விரைவாகச் சொல்லிவிடுவது.

அதனால்தான் 1990-களின் கடைசியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முதன்முதலாக ஒரு 'டேப்' (டாப்லேச்சரின் சுருக்கம்) பார்த்தபோது எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. மிலானின் கோடுகளும் எண்களும் கணினித் திரையில் வந்து நின்றன. ஆறு வரிசை சிறுகோடுகள், மேலே எண்கள், நடுநடுவே சில எழுத்துகள். ஹெச் என்றால் ஹேமர்-ஆன்: ஒரு விரல் அழுத்தியிருக்க இன்னொரு விரலால் கம்பியைக் குத்தி அடுத்த சுரத்தை எழுப்புவது. பி என்றால் புல்-ஆஃப், விரலைக் கொக்கிபோல் இழுத்து விடுவது. இன்னொரு பி, பெண்ட். கம்பியை மேலே தள்ளிச் சுரத்தை ஏற்றுவது. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து, நம் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். சாய்கோடு இருந்தால் வழுக்கிப் போக வேண்டும். எக்ஸ் என்றால் கம்பியை அமுக்கி, சுரம் கேட்காமல் தட்டல் மட்டும் கேட்க வேண்டும்.

ஓல்கா என்று ஒரு பெரிய களஞ்சியம் இருந்தது. ஆன்-லைன் கிட்டார் ஆர்க்கைவ் என்பதன் சுருக்கம். 1992-ல் தொடங்கியது. முகம் தெரியாத யாரோ ஒருவர், எங்கள் லீட் அண்ணனைப் போலவே டேப்பை ஓட்டி ஓட்டிக் காதால் எடுத்ததை எழுதி அனுப்பியிருப்பார். தவறுகள் இருக்கும், இன்னொருவர் திருத்தி அனுப்புவார். பாட்டுகளின் உரிமை வைத்திருந்த வெளியீட்டாளர்கள் வழக்கறிஞர் மூலம் நெருக்க, 2006-ல் அது மூடப்பட்டது. உரிமைக்காரர்களுக்கு அவர்கள் நியாயம் உண்டு. ஆனால் ஆசிரியரோ புத்தகமோ கிடைக்காத ஊர்களில் இருந்த என் போன்றவர்களுக்கு அது செய்த உதவியை நான் மறக்க முடியாது. அரை மணி நேரக் காசு கொடுத்து, நாலு பக்கம் அச்செடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவேன்.

அந்தப் பக்கங்களோடு வேறு சொற்களும் வந்து சேர்ந்தன. கிட்டாரை 'ஆக்ஸ்' என்றார்கள், அதாவது கோடாலி. ஜாஸ் கலைஞர்கள் முதலில் தங்கள் ஊதுவாத்தியங்களைத்தான் அப்படி அழைத்தார்கள், பிறகு கிட்டாருக்கு வந்தது. கைத்திறமைக்கு 'சாப்ஸ்', அதுவும் டிரம்பெட் ஊதுகிறவர்களின் தாடையையும் உதட்டையும் குறித்த சொல். கதவை அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பழகுவதற்கு 'உட்ஷெட்', விறகுக் கொட்டகை. வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு இல்லாமல் கொல்லைப்புறக் கொட்டகையில் போய் வாசிப்பது. நாம் அசுர சாதகம் என்கிறோமே, அதுதான். இதையெல்லாம் உண்டாக்கியவர்கள் வேலை முடிந்து இரவெல்லாம் வாசித்தவர்கள். பெரும்பாலும் கறுப்பினக் கலைஞர்கள். உதடு வீங்கியவனும் விரல் காய்த்தவனும் தங்களுக்குள் பேசிக்கொண்ட பேச்சு. எனக்கு அந்தச் சொற்கள் மேல் இன்றும் தனி மரியாதை உண்டு.

இப்போது என் தங்கை மகனிடம் வருகிறேன். பெங்களூரில் வேலை, நல்ல சம்பளம், உண்மையிலேயே நல்ல கை. சில மாதங்களுக்கு முன் ஒரு படம் அனுப்பினான். கட்டில் மேல் திறந்த பெட்டி, அதில் வெளிர் நீலத்தில் ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர். கீழே மூன்றே எழுத்து: என்.ஜி.டி. நியூ கிட்டார் டே. போன் செய்தேன்.

"நல்லாருக்குடா மாப்ளே. வாசிச்சுப் பாத்தியா?"

"இன்னும் செட்டப் பண்ணலை மாமா. ஆனா இது எம்.ஐ.ஜே., ஜே.வி. சீரியல். எண்பத்திமூணு. அமைய மாட்டேங்குது மாமா இதெல்லாம், அமைஞ்சிருச்சு."

எம்.ஐ.ஜே. என்றால் மேட் இன் ஜப்பான். ஃபெண்டர் கம்பெனி 1982-ல் ஜப்பானியக் கூட்டாளிகளோடு சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியபோது, மட்சுமோட்டோ நகரத்து ஃபூஜிஜென் தொழிற்சாலையில் செய்த முதல் கிட்டார்களின் வரிசை எண் ஜே.வி. என்று தொடங்கும். வேலைப்பாடு அமெரிக்கச் சரக்குக்கு ஈடாக, சில சமயம் மேலாகவே இருந்தது என்று பெயர் வாங்கியவை அவை. எம்.ஐ.எம். என்றால் மெக்சிகோ, என்செனாதா தொழிற்சாலை. எம்.ஐ.ஏ. அமெரிக்கா. இவற்றைத் தெரிந்து வைத்திருப்பது பழைய கிட்டார் வாங்குகிறவனுக்குப் பெரிய பாதுகாப்பு; போலியைக் கண்டுபிடிக்க உதவும், ஏமாறாமல் காக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. என் மனதில் தைத்தது வேறு. நாற்பது நிமிடம் பேசினோம். வரிசை எண், பிக்கப், பெயிண்ட், விலை, கொரியர், சுங்கவரி. அந்தக் கிட்டாரில் எழுப்பிய ஒரு சுரத்தைப் பற்றிக்கூட நாங்கள் இருவரும் பேசவில்லை.

அவன் வைத்திருக்கும் இன்னொரு சொல் கேஸ். ஜி.ஏ.எஸ். ஸ்டீலி டான் குழுவின் கிட்டார்காரர் வால்டர் பெக்கர், 1990-களில் ஒரு கிட்டார் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையில் 'கிட்டார் அக்குவிசிஷன் சிண்ட்ரோம்' என்று நோய்ப்பெயர் சூட்டினார். ஒன்று போதாமல் அடுத்தது, அது போதாமல் அதற்கடுத்தது என்று வாங்கிக்கொண்டே போகிற வியாதி. எச்சரிக்கையாகச் சொன்னது, பிறகு பெருமைப் பட்டமாகிவிட்டது. கிட்டார் என்ற சொல்லும் உதிர்ந்து அந்த இடத்தில் 'கியர்' வந்து உட்கார்ந்தது: பெடல், ஆம்ப், கேபிள், எல்லாம் சேர்த்தி. 2021-ல் ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் இதைப் பற்றி முழு ஆய்வு நூலே வெளியிட்டது. பெக்கர் 2017-ல் காலமாகிவிட்டார்.

பொருளைச் சுற்றி வளர்ந்த எழுத்துகளில் எனக்கு மிகவும் பிடித்த கதை பி.ஏ.எஃப். என்பதற்கு உண்டு. அதன் பின்னால் ஒரு நல்ல மூளையும் நல்ல காதும் இருக்கின்றன.

மேடையில் எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்த எவருக்கும் அந்த இரைச்சல் தெரியும். திருவிழாப் பந்தலில் சீரியல் பல்புகளைப் போட்டதும் ஆம்ப் 'உம்ம்' என்று ஆரம்பித்துவிடும். ஒற்றைச் சுருள் பிக்கப், கம்பியின் அதிர்வோடு மின்சாரத்தின் துடிப்பையும் சேர்த்துப் பிடிக்கிறது. நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. கிப்சன் கம்பெனியில் வேலை பார்த்த சேத் லவர் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இணைத்து, காந்த முனைகளையும் மாற்றிப் போட்டார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கம்பியின் ஓசை மட்டும் இரண்டிலும் ஒரே பக்கமாகச் சேர்ந்து வலுக்கும். ஹம்பக்கர் பிறந்தது இப்படி. 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பம் போனது, 1959-ல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பிக்கப்பின் அடியில் 'பேட்டன்ட் அப்ளைட் ஃபார்' என்று ஒரு சின்னக் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டி அனுப்பினார்கள்; அதன் சுருக்கம்தான் பி.ஏ.எஃப். காப்புரிமை கிடைத்த பிறகும் சில ஆண்டுகள் அதே தாள்தான் ஒட்டப்பட்டது. பிறகு எண் போட்ட தாள் வந்தது. அந்த எண்ணோ கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் கம்பி தாங்கும் பாகத்துக்கான வேறொரு காப்புரிமையினுடையது.

கிப்சனின் கலமாசூ தொழிற்சாலையில் கம்பி சுற்றிய தொழிலாளர்கள் ஒவ்வொரு சுருளிலும் ஒரே எண்ணிக்கையில் சுற்றவில்லை. காந்தமும் கைக்குக் கிடைத்த ரகம். அதனால் ஒவ்வொரு பிக்கப்பும் ஒரு மாதிரி. 1958 முதல் 1960 வரை கிப்சன் செய்த லெஸ் பால் கிட்டார்களில், 'பர்ஸ்ட்' என்று இன்று அழைக்கப்படுபவற்றில், இந்தப் பிக்கப்தான் இருந்தது. அப்போது அவை சரியாக விற்கவில்லை. 1961-ல் வடிவத்தையே மாற்றிவிட்டார்கள். 1966-ல் ஜான் மேயால் குழுவோடு எரிக் கிளாப்டன் பதிவு செய்த இசைத்தட்டு வந்த பிறகுதான் அந்தக் கிட்டாருக்குத் தேடல் தொடங்கியது. இன்று ஒரு நல்ல பர்ஸ்ட் பல லட்சம் டாலர். பி.ஏ.எஃப். தாள் ஒட்டிய பிக்கப் மட்டும் தனியாகவே பெரும் விலைக்குக் கைமாறுகிறது. சேத் லவர் தீர்க்க நினைத்தது மேடையில் நின்று வாசிக்கிறவனின் தொல்லையை. அவர் வேலையின் பயன் இன்று உலகத்தில் எந்த ஊர் மேடையிலும், மலிவான கிட்டாரிலும் கூடக் கிடைக்கிறது. அதுதான் அவருக்குக் கிடைத்த உண்மையான மரியாதை என்று நான் நினைக்கிறேன், ஒட்டுத்தாளின் விலை இல்லை.

எல்லாச் சொல்லும் இப்படி நேர்மையான பிறப்புடையதும் அல்ல. 'லாசூட்' கிட்டார் என்று ஒரு சொல் உண்டு, வழக்குக் கிட்டார். 1977-ல் கிப்சனின் தாய்க் கம்பெனியான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் மேல் ஃபிலடெல்ஃபியாவில் வழக்குப் போட்டது. கிட்டாரின் தலைப்பகுதி வடிவத்தை அப்படியே நகலெடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதற்குள் ஐபனெஸ் வடிவத்தை மாற்றத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டு சமரசமாகப் போய்விட்டார்கள். நடந்தது இந்த ஒரு வழக்குதான். ஆனால் 1970-களின் ஜப்பானிய நகல் எதுவாக இருந்தாலும், எந்தக் கம்பெனியாக இருந்தாலும், 'லாசூட்' என்று சொல்லி விலையை ஏற்றி விற்கிறார்கள். இந்தச் சொல்லை நம்பிக் காசு கொடுக்காதீர்கள் என்று வாங்குகிற இளைஞர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று நம் ஊர் சம்பந்தப்பட்டது. டி.எஸ். என்று இரண்டெழுத்தில் சொல்கிறார்கள். ட்யூப் ஸ்க்ரீமர், ஐபனெஸின் பச்சைநிற ஓவர்டிரைவ் பெடல். 1970-களின் கடைசியில் வந்த டி.எஸ். 808 ஸ்டீவி ரே வான் போன்றவர்களின் காலடியில் இருந்து புகழ்பெற்றது. அதற்குள் இருக்கிற ஜே.ஆர்.சி. 4558 என்ற எட்டுக்கால் சிப்பைப் பற்றி அத்தனை பேச்சு. பழைய சரக்கு, கை படாதது என்பதற்கு என்.ஓ.எஸ். என்று எழுத்துப் போட்டு அந்தச் சிப்பைத் தேடி வாங்குகிறார்கள். 4558 நமக்குப் புதிதா? ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிற எந்த அண்ணனையும் கேளுங்கள். பேஸ்-ட்ரெபிள் போர்டு என்று சென்னை ரிச்சி தெருவில் விற்கிற பலகைகளில் காலங்காலமாக இருக்கிற அதே குடும்பத்துச் சிப், சில்லறை விலை. எங்கள் குழுவின் ஆம்ப்பை மேடைக்குப் பின்னாலேயே பிரித்துப் பற்றவைத்த மெக்கானிக்கின் டப்பாவில் அது நாலைந்து எப்போதும் கிடக்கும். அவருக்கு அது பேச்சுக்குரிய பொருளே அல்ல. ஆம்ப் கத்துகிறதா, அடுத்த பாட்டுக்குள் நிற்க வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

மரத்துக்கு வருகிறேன். ஈ.ஐ.ஆர். என்று கிட்டார்க்காரர்கள் எழுதுகிறார்களே, ஈஸ்ட் இண்டியன் ரோஸ்வுட், அது நம் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் சொல்வோம். நீலகிரி, கூடலூர், வயநாடு என மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. பிரேசில் தன் ரோஸ்வுட் மரத்தைக் கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும், மார்ட்டின் என்கிற அமெரிக்கக் கம்பெனி 1969-ல் ஈட்டிக்கு மாறியது. பிரேசில் மரம் 1992-ல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் ஏறியது. ஈட்டியும் அதன் இனத்து மரங்கள் எல்லாமும் 2017-ல் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தன; செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் இந்த மரத்தைக் காப்பாற்றத் தனிச் சட்டமே போட்டார்கள். என் மாப்பிள்ளைக்கு ஈ.ஐ.ஆர். என்பதன் ஓசை, எடை, விலை எல்லாம் தெரியும். ஈட்டி என்ற பெயரை நான் சொன்னபோதுதான் கேள்விப்பட்டான். "நம்ம ஊர் மரமா மாமா?" என்று கேட்ட குரலில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. அடுத்த வாரமே கூடலூர் போகிற வழியில் நின்ற ஒரு மரத்தைப் படமெடுத்து அனுப்பினான். இளைஞர்களிடம் ஆர்வத்துக்குப் பஞ்சம் இல்லை. அவர்கள் கையில் கிடைக்கிற சொற்கள்தான் எல்லாவற்றையும் விலைப்பட்டியலாக்கி வைத்திருக்கின்றன.

கையிலிருந்து பிறக்கிற சொல் இன்றும் அடியோடு நின்றுவிடவில்லை. 'ஜென்ட்' என்று ஒன்று வந்திருக்கிறது. தாழ்த்திச் சுருதி சேர்த்த கம்பியை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு பலமாகத் தட்டினால் வருகிற ஓசையையே பெயராக்கிவிட்டார்கள். ஸ்வீடனின் மெஷுகா குழுவின் ஃப்ரெட்ரிக் தோர்டெண்டாலிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்த இசை என் காதுக்குப் பழக்கமில்லாதது. ஆனால் மிருதங்கத்தின் 'தொம்' பிறந்த வழியிலேயே அதுவும் பிறந்திருக்கிறது என்பதால் அந்தச் சொல்லை வரவேற்கிறேன்.

எங்கள் பக்கத்தில் நடந்தது வேறு. மேடையில் வாத்தியக்காரர்கள் குறைந்துவிட்டார்கள். கல்யாண வரவேற்பில் பாடகர் மடிக்கணினியில் டிராக்கைப் போட்டுவிட்டுப் பாடுகிறார். டிராக்கின் சுருதியை ஒரு பொத்தானில் ஏற்றி இறக்கலாம், யாரிடமும் திரும்பி "ரெண்டரை" என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபர்ஸ்ட் பி.ஜி.எம். தானாக வருகிறது. பிட்டு எடுக்க ஆள் வேண்டாம். அன்று எங்களிடம் நல்ல கிட்டார் இல்லை, ஆனால் வாசிப்பதற்கான சொற்கள் நிறைய இருந்தன. இன்று ஒவ்வொரு ஊரிலும் நல்ல கிட்டார்கள் இருக்கின்றன, அவற்றோடு வந்த சொற்கள் வாங்குவதற்கும் விற்பதற்கும் ஆனவை. இந்த மாற்றம் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. பழைய காலம்தான் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. வெட்டுப்பட்ட விரலோடு வாசித்தவர்களுக்கு நல்ல கிட்டார் கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக வாசித்திருப்பார்கள். லீட் அண்ணனின் கையும் என் மாப்பிள்ளையின் ஜே.வி. ஸ்ட்ராட்டும் ஒன்றுசேர்ந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

லீட் அண்ணன் இப்போது இல்லை. அவர் பேசிய கிட்டார் மொழியை யாரும் எழுதி வைக்கவில்லை; நாங்கள் சிலர் நினைவில் வைத்திருப்பதோடு சரி. ஆங்கிலச் சுருக்கங்களுக்குப் பெரிய பெரிய அகராதிகள் தயாராகிவிட்டன. கட்டைக் கணக்குக்கு, பிட்டுக்கு, கை சுத்தத்துக்கு ஒரு பக்கம் கூட என் கண்ணில் பட்டதில்லை. ரிக்கார்டிங் தியேட்டர்களில் வாசித்தவர்கள், கோயில் திருவிழாக்களில் வாசித்தவர்கள், தேவாலயப் பாடகர் குழுக்களில் வாசித்தவர்கள் என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனிப் பேச்சு உண்டு. மதுரைக்காரர் சொல்வதும் நாகர்கோவில்காரர் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

எனவே கிட்டார் வாசிக்கிற தம்பி, தங்கைகளிடம் இரண்டு வேண்டுகோள். புதுக் கிட்டார் வாங்கினால் பெட்டியைத் திறந்த படத்தோடு நிறுத்தாமல், ஒரு நிமிடம் வாசித்ததையும் சேர்த்து அனுப்புங்கள். தவறு இருந்தாலும் பரவாயில்லை. உங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் வாசித்த மூத்தவர் யாராவது இருந்தால், இந்த மாதமே அவரிடம் போய் உட்காருங்கள். எந்தெந்தச் சொல்லில் வாசித்தார்கள் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள்.